கையடக்க மின்னணு உருப்பெருக்கி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் தாயாருக்கு விழித்திரையின் மையப்பகுதி பழுதுபட்டுப் பார்வை மங்கியதால், 5 அங்குலத் திரையுள்ள கையடக்க மின்னணு உருப்பெருக்கி (எழுத்தைக் கேமராவால் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கருவி) ஒன்றை வாங்கினோம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் உருப்பெருக்க அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். பெருக்கம் கூடக் கூடத் திரையில் அடங்கும் எழுத்துகள் குறைந்து, ஒரு சொல்லே துண்டுபடும். எழுத்தைக் கறுப்புப் பின்னணியில் மஞ்சளாக மாற்றிக்காட்டும் வசதிதான் உண்மையில் உதவியது: தேவாரப் புத்தகத்தில் ‘ண’வின் சுழிகளையும் ‘ன’வின் சுழிகளையும் அவர் இப்போது பிரித்தறிகிறார். மருந்துப் புட்டியின் சீட்டைப் படம்பிடித்து நிறுத்தி, கண்ணருகே கொண்டுவந்தும் படிக்கலாம். மின்வெட்டுக்குப் பழகிய நமக்கு மின்கலத்தில் இயங்குவது பெரிய வசதி. பொத்தான்கள் மட்டும் சாதனத்தின் நிறத்திலேயே, மேடின்றித் தட்டையாக உள்ளன. பார்வை குறைந்தவருக்கென்று செய்த பொருளில் இப்படியா! நெடுநேரம் வாசிப்பவர்களுக்குக் கை நடுங்கும் என்பதால், மேசைமேல் வைக்கும் பெரிய திரை வகையே ஏற்றது.