பேலியோவில் எந்தப் பழம்: ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட்டா, கொய்யாவா?

அரிசி, சர்க்கரையை விட்டு மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையை ஆரம்பித்ததும் சேலத்துக்காரர் கேட்கிற முதல் கேள்வி மாம்பழம் பற்றித்தான். கிடையாது, அவ்வளவுதான். 100 கிராம் சதையில் நார்ச்சத்து போக 13 கிராம் மாவுச்சத்து நிற்கிறது. ஒரு மல்கோவாவில் 300 கிராம் சதை தேறினால், நாளுக்கு நான் வைத்திருக்கும் 40 கிராம் மாவுச்சத்துக் கணக்கு அதிலேயே காலி. பலா, வாழை, சப்போட்டாவும் அதே கதிதான். எலுமிச்சை, நெல்லிக்காய்க்குத் தடையில்லை, ஆனால் பழம் தின்ற ஆசை அதில் தீராது.

மிஞ்சுவது கொய்யாவும் பட்டர் ஃப்ரூட்டும் (அவகாடோ). நான் பட்டர் ஃப்ரூட் பக்கம்.

கொய்யா உழவர் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், வைட்டமின் சி ஆரஞ்சைப்போல நாலு மடங்கு. சரி. ஆனால் நார்ச்சத்தைக் கழித்தாலும் 100 கிராமுக்கு 9 கிராம் மாவுச்சத்து. பட்டர் ஃப்ரூட்டில் மொத்தமே எட்டரை கிராம், அதில் ஆறரைக்கு மேல் நார்ச்சத்து, ஆக கணக்கில் ஏறுவது 2 கிராம்தான். இந்த 7 கிராம் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். குழம்பில் போடும் வெங்காயம் தக்காளி, மதியப் பொரியல், சாயங்காலம் கொறிக்கிற பாதாம் எல்லாமே அந்த 40-க்குள்தான் அடங்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள், ஒரு வேளைக் காய்கறியே அதில் வந்துவிடும். கொழுப்பும் இருப்பதால் பசி தாங்குகிறது. (வெளிநாட்டு ஹாஸ் வகையைவிட நம் மலைக் காயில் கொழுப்பு குறைவு, நீர் அதிகம்.)

தொல்லை பழுக்க வைப்பதில்தான். மரத்தில் இருக்கும்வரை இது பழுக்காது, அதனால் ஏற்காட்டில் வாங்குவது பெரும்பாலும் கல் மாதிரிதான் இருக்கும். வாழைப்பழத்தோடு சேர்த்து செய்தித்தாளில் சுற்றி வையுங்கள், காம்புப் பக்கம் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும், அப்போது ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் உப்பு, எலுமிச்சை, ஏற்காட்டு மிளகுத்தூள் போதும். ஜூஸ் கடையில் வாங்கினால் சர்க்கரையும் பாலும் சேர்ந்து மொத்தக் கணக்கும் போச்சு.

சீசன் இல்லாதபோது நானும் கொய்யாதான், செங்காயாகப் பார்த்து பாதி மட்டும். என் அனுபவம் பேலியோவோடு சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டிலுமே பொட்டாசியம் அதிகம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.