எங்கள் ஏரியா நலச்சங்கத்தின் பூங்கா வேலை: ஐந்துக்கு நாலு

வேளச்சேரிப் பக்கம் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறோம், ஞாயிறு காலை ஆறரைக்கே மண்வெட்டியோடு வந்து நிற்கும் நலச்சங்கத்து ஆட்களுக்கு எழுதினால் என்ன என்று தோன்றியது, அதான். சங்கத்தின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்கு அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும்.

முதலில் நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்பார்களே, எங்கள் பூங்கா அதுதான். ஆனால் பத்திரத்தில் இருந்தால் போதுமா? சும்மா கிடந்தால் முதலில் வீடு இடித்த கல்லும் மண்ணும் வந்து விழும், அப்புறம் நாலு கார் நிற்கும், அப்புறம் ஒரு கொட்டகை முளைக்கும். இவர்கள் பத்திர நகலை லேமினேட் பண்ணியே வைத்திருக்கிறார்கள், யாராவது ஜல்லி கொட்ட வந்தால் அதைத்தான் நீட்டுகிறார்கள். மரம் நடுவதைவிட இந்தக் காவலுக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன்.

2016 டிசம்பரில் வர்தா புயலில் இங்கே நின்ற குல்மோகரும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்ததாம். அந்த இடத்தில் புங்கை, பூவரசு, புன்னை என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். பூ கம்மிதான், நிழல் நிறைய. சருகை எரிப்பதில்லை, கன்றுகளின் அடியில் மூடாக்காகப் போடுகிறார்கள், மே மாதத்தில் கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே மண் ஈரமாகவே இருந்தது. ஒருநாள் ஆர்ஓ கழிவுத் தண்ணீரைக் குடத்தில் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போனேன். "அது உப்பும்மா, கன்னு கருகிடும், ஏசித் தண்ணி இருந்தா கொண்டாங்க" என்று ஒரு பெரியவர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஏசி குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட் வைத்திருக்கிறேன்.

சரி, குறைக்கு வருகிறேன். நடைபாதை போட்டபோது பேவர் பிளாக்கை இரண்டு புங்கையின் தண்டு வரைக்கும் ஒட்டிப் பதித்துவிட்டார்கள், மழைத்தண்ணீர் எங்கே இறங்கும்? கேட்டால் காண்டிராக்டர் செய்தது என்கிறார்கள். நன்கொடையாளர் பெயர்ப்பலகை சில இடங்களில் கன்றைவிடப் பெரிதாக நிற்கிறது. எல்லாவற்றையும்விட, காலை ஒன்பது மணிக்குப் பூட்டினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். பிள்ளைகள் கிளையை ஒடிக்கிறார்களாம். கோடை விடுமுறையில் உள்ளே நிழல் சும்மா கிடக்க, பிள்ளைகள் வெளியே வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அந்த ஒரு மார்க் இதற்குத்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் கையுறை நீங்களே எடுத்துப் போங்கள். அவர்களிடம் இருப்பது மூன்று, மூன்றும் இடது கை.