மெர்லின் செயலி: கூட்டுக்காரர் யாரென்று சொல்லுமா?

மெர்லின், படத்தையோ குரலையோ வைத்து எந்தப் பறவை என்று சொல்லும் செயலி; அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருகிறது. இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை முதலிலேயே இறக்கிவிட்டால் இணையமில்லாத தோட்டத்திலும் வேலை செய்யும்.

கூட்டைப் படமெடுத்துக் கொடுத்துப் பயனில்லை; அதற்குப் பறவைதான் வேண்டும். கூட்டை நாம்தான் படிக்க வேண்டும். இலை விளிம்புகளில் துளையிட்டுச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்திருந்தால் தையல்சிட்டு. கிளை நுனியில் பைபோல் தொங்கி, பக்கவாட்டு வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம் இருந்தால் தேன்சிட்டு.

எந்தத் தேன்சிட்டு? அங்கேதான் செயலி கைகொடுக்கிறது. பெட்டை முன்பக்கமாகத் தெரியும் படம் தேவை. தொண்டை வெளுத்து மார்பு மட்டும் மஞ்சளாக இருந்தால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. தொண்டையிலிருந்தே மஞ்சள் என்றால் ஊதாத் தேன்சிட்டு. படத்தைப் பெரிதாக்கிப் பறவை படச்சட்டம் நிறையும்படி வையுங்கள். இலைக்கூட்டம் அதிகமானால் முடிவு தடுமாறும். இடமும் தேதியும் சரியாகக் கொடுக்க வேண்டும்.

ஒலியை வைத்துக் கண்டறியும் வசதி அருமை. ஆனால் கத்தும் பறவைதான் கூட்டுக்குச் சொந்தம் என்பதில்லை. காக்கைக் கூட்டருகே குயில் கூவினால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான்!

செயலியிலுள்ள குரல் பதிவுகளைக் கூட்டருகே ஒலிக்க விடாதீர்கள். எதிரி வந்துவிட்டதாக எண்ணி, தாய்தந்தை முட்டையை விட்டுச் சண்டைக்குப் பறக்கும்.