போன் நகரின் ஏழையர் கூடமும் வூஜோவின் மதிலும்: பர்கண்டியில் மூன்று நாள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் அங்குள்ள திராட்சை மதுவைச் சுவைத்துப் பார்க்கவே செல்கின்றனர். நான் மது அருந்துவதில்லை. ஆயினும் அறுவடை முடிந்து கொடிகளின் இலைகள் பொன்னிறமாகத் திரும்பியிருந்த ஓர் அக்டோபர் மாதத்தில் அங்கே மூன்று நாள் தங்கினேன். போன் நகரில் உள்ள ஓத்தெல் தியே என்னும் பழைய மருத்துவமனை, அதற்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ள க்ளோ த வூஜோ என்னும் மதில் சூழ்ந்த பழைய திராட்சைத் தோட்டத்தின் மாளிகை, நகருக்குத் தெற்கே சரிவு நெடுகப் பரந்து கிடக்கும் தோட்டங்கள் ஆகிய மூன்றையும் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதைப் பார்க்கப் போனாலும் மருத்துவமனையை முதலில் பாருங்கள். இந்தச் சரிவில் விளையும் பழத்துக்கும் ஏழை நோயாளியின் படுக்கைக்கும் உள்ள உறவை அங்கே உணர்ந்தவருக்கு, மற்ற இடங்கள் யாவும் வேறு விதமாகத் தெரியும்.

தெருவிலிருந்து பார்த்தால் ஓத்தெல் தியே அவ்வளவாகக் கண்ணைக் கவராது. நீண்ட சுவரும், அதன்மேல் சாம்பல் நிறப் பலகைக்கல் கூரையும் மட்டுமே தெரியும். நுழைவுச்சீட்டு வாங்கி உள்முற்றத்தில் கால் வைத்த பிறகுதான், அஞ்சல் அட்டைகளில் எல்லாம் காணப்படும் அந்தப் பளபளக்கும் ஓட்டுக் கூரை நான்கு நிறங்களில் தலைக்கு மேலே விரிகிறது. இப்போதுள்ள ஓடுகள் 1902-க்கும் 1907-க்கும் இடையே நடந்த சீரமைப்பில் வேயப்பட்டவை. வெளியே எளிமை, உள்ளே அழகு என்ற இந்த அமைப்பு தற்செயலானதா, திட்டமிட்டதா என்று வாதிடுவோர் வாதிடட்டும். நோயுற்று முற்றத்துக்குள் கொண்டுவரப்பட்ட ஒருவரின் கண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதையே நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

இதை நிறுவியவர் நிக்கோலா ரொலேன். பர்கண்டியின் கோமகனும் 'நல்லவர்' என்று பெயர் பெற்றவருமான பிலிப்பின் தலைமை அமைச்சராக இருந்த அவர், தம் மனைவி கிகோன் த சலேனுடன் சேர்ந்து 1443 ஆகஸ்ட் 4 அன்று இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தினார். நூறாண்டுப் போரின் கடைசிக் கட்டம் அது. கூலி பெறாத படைவீரர்கள் கொள்ளையராக மாறி ஊர்களைச் சூறையாடிய காலம். கொள்ளைநோயும் பஞ்சமும் மாறிமாறி வந்த காலம். 1452-ஆம் ஆண்டின் முதல் நாளன்று முதல் நோயாளி உள்ளே அனுமதிக்கப்பட்டார். அன்று தொடங்கிய மருத்துவப் பணி 1971-இல் நவீன மருத்துவமனைக்கு மாற்றப்படும்வரை இதே கட்டடத்தில், ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக நடந்தது. நோயுற்றோரை 'ஆதுலர்' என்றும் அவர்கள் தங்கும் இடத்தை 'ஆதுலர் சாலை' என்றும் நம் கல்வெட்டுகள் குறிப்பிடும். இந்தக் கட்டடத்துக்கு அருங்காட்சியகம் என்ற பெயரைவிட அந்தப் பழஞ்சொல்லே பொருத்தமாக இருக்கும் என்று எனக்குப் பட்டது.

ஏழையர் கூடம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் 16 மீட்டர் உயரமும் உடையது. கவிழ்த்து வைத்த மரக்கலத்தின் அடிப்பகுதி போன்ற அதன் மேற்கூரையைக் குறுக்கு உத்திரங்கள் தாங்குகின்றன. ஒவ்வோர் உத்திரத்தின் முனையையும் வண்ணம் பூசிய ஒரு விலங்குத் தலை வாயால் கவ்விக்கொண்டிருக்கிறது. இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி, சிவப்புத் திரையிட்ட மரக்கட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. இன்று நாம் காணும் கட்டில்களின் தோற்றம் 19-ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பின் விளைவு என்றாலும், ஒவ்வொருவருக்கும் ஒரு திரை, அத்திரைக்குள் ஒரு தனிமை என்ற எண்ணம் பழையது. கூடத்தின் கோடியில் வழிபாட்டு மேடை உள்ளது. எழுந்து நடக்க இயலாதவரும் படுத்த நிலையிலேயே வழிபாட்டில் கலந்துகொள்ளும் வகையில் மருத்துவக்கூடத்தையும் தேவாலயத்தையும் ஒரே கூரையின்கீழ் கட்டியிருக்கிறார்கள். தரை ஓடுகளில் கணவன் மனைவி இருவரின் முதலெழுத்துகளும், ஒரு விண்மீனும், 'ஒருத்தி மட்டுமே' என்னும் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லும் திரும்பத் திரும்ப வருகின்றன. ரொலேன் தம் மனைவிக்கு எழுதிய உறுதிமொழி அது. 1462-இல் அவர் இறந்தபின் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்று நடத்திய கிகோன் 1470-இல் இறந்து, இங்கேயே, தாம் பேணிய நோயாளிகளுக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தச் செய்தியை ஒலிவழிகாட்டி சொல்லி முடித்தபின் நான் கருவியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் நின்றேன்.

ஒலிவழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல மொழிகளில் கிடைக்கும் அந்தக் கருவி நம்மை விரட்டுவதில்லை; ஒவ்வோர் அறைக்கும் உரிய எண்ணை அழுத்தி, வேண்டிய மட்டும் கேட்டுவிட்டு நகரலாம். அடுப்படியில் 1698-இல் செய்யப்பட்ட, இறைச்சிக் கம்பியைத் தானே சுழற்றும் பொறி ஒன்று இருக்கிறது. குழந்தைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள். மருந்தகத்தின் பீங்கான் சாடிகளும் வெண்கல உரலும் அழகானவை. எனினும் என்னைப் பெரிதும் ஈர்த்தது, புனித நிக்கோலா அறையின் தரையில் பதித்த கண்ணாடிதான். அதன்வழியே கீழே ஓடும் பூஸேஸ் ஆற்றைப் பார்க்கலாம். மருத்துவமனையின் கழிவுகளை அகற்றுவதற்காகவே ஓடும் நீரின்மேல் கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்கள். 1658-இல் இங்கு வந்த பதினான்காம் லூயி மன்னர், ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் கிடத்தப்பட்டிருப்பதைக் கண்டு வருந்தி, அவர்களைப் பிரித்து வைக்கப் பொருளுதவி அளித்தார் என்பதும் இந்த அறையின் வரலாறே.

பார்வையின் கடைசிக் கட்டத்தில், ஒளி தணிந்த ஓர் அறையில் ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத் தொகுதி வைக்கப்பட்டிருக்கிறது. ரொலேன் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1440-களில் தீட்டப்பட்ட இந்தப் பலமடிப்பு ஓவியம், ஏழையர் கூடத்தின் வழிபாட்டு மேடைக்கு மேலே இருந்தது. வாரநாள்களில் அதன் கதவுகள் மூடியிருக்கும். அப்போது நோயாளிகளின் பார்வையில் பட்டவர்கள், கொள்ளைநோயிலிருந்து காப்பவராக நம்பப்பட்ட புனித செபஸ்தியாரும், தோல்நோயுற்றோரின் புகலான புனித அந்தோணியாரும், இருபுறமும் முழந்தாளிட்ட ரொலேன் தம்பதியருமே. ஞாயிறுகளிலும் திருவிழா நாள்களிலும் கதவுகள் திறக்கப்படும். அப்போது வண்ணங்கள் வெடித்தாற்போல் விரியும். நடுவில் தலைமை வானதூதர் மிக்கேல் தராசைப் பிடித்திருக்கிறார். தராசில் பாவத்தின் தட்டு கனத்துத் தாழ்ந்திருக்க, நற்செயலின் தட்டு மேலே எழுந்திருக்கிறது. நரகத்துக்குச் செல்வோரை இழுத்துச் செல்ல ஒரு பேய்கூட இதில் இல்லை. தாமே அலறிக்கொண்டு, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு போகிறார்கள். மரணத்தை எதிர்நோக்கிப் படுத்திருந்தவர் கண்ணெதிரே இதை வைத்தது இரக்கமா, எச்சரிக்கையா என்று நெடுநேரம் யோசித்தேன். மிக்கேலின் அமைதியான முகத்தைப் பார்த்தபோது, அச்சுறுத்துவதற்காக மட்டும் யாரும் இப்படி ஒரு முகத்தை வரைந்திருக்க முடியாது என்ற எண்ணமே மேலோங்கியது.

ஓவியத்துக்கு நேர்ந்ததும் அறியத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டில் ஆடையற்ற உருவங்களின்மேல் ஆடைகளைத் தீட்டி மறைத்தனர். பின்னர் 1870-களில் அவற்றை நீக்கிச் சீர்செய்தனர். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே நேரத்தில் காட்டுவதற்காகப் பலகைகளைத் தடிமன்வாக்கில் இரண்டாக அறுத்தும்விட்டனர். பாதுகாப்புக் கருதி அதைத் தனி அறையில் வைத்திருப்பதன் தேவை புரிகிறது. ஆயினும் கதவு மூடி, கதவு திறந்து, படுக்கையிலிருந்து பார்க்கப்பட வேண்டிய ஒன்றை, இரு சுவர்களில் பிரித்து வைத்த நிலையில், நின்றபடி பார்க்கிறோம் என்ற குறை மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே ஓவியத்தைக் கண்டபின், இயலுமானால், மீண்டும் ஒருமுறை கூடத்துக்குத் திரும்பிச் சென்று அந்த மேடையைப் பாருங்கள்.

இனித் தோட்டங்கள். 1457-இலேயே இந்த மருத்துவமனைக்குத் திராட்சை நிலம் ஒன்று கொடையாக வந்தது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக வந்த நிலக்கொடைகள் சேர்ந்து இன்று ஏறத்தாழ 60 ஹெக்டேர் ஆகியுள்ளன. அந்நிலங்களின் மது 1859 முதல் பொது ஏலத்தில் விற்கப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாத மூன்றாம் ஞாயிறன்று நடக்கும் அந்த ஏலத்தில் 228 லிட்டர் கொண்ட பீப்பாய்களாக மது விலைபோகிறது. வருவாய் இன்றைய மருத்துவமனைக்கும் பழைய கட்டடத்தின் பராமரிப்புக்கும் செல்கிறது. மதுவகைகளுக்கு நிலம் தந்தவர்களின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். நகரின் கடை ஒன்றில் நிக்கோலா ரொலேன், கிகோன் த சலேன் என்ற பெயர்கள் பொறித்த புட்டிகளைக் கண்டபோது, கொடையாளியின் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதுபோல இங்கே தாளில் அச்சிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள் என்று தோன்றியது.

இந்தத் தொடர்பை ஒரு சொல்லாலும் தொடாத சுற்றுலாவில் மறுநாள் சேர்ந்துவிட்டேன். எட்டுப் பேர் அமரும் வேனில் அரைநாள் பயணம். 'பாரம்பரியமும் மதுவும்' என்ற பெயரில் விற்கப்பட்டது. ஓட்டுநரே வழிகாட்டி, இனிமையாகப் பழகினார், சாலை வளைவுகளில் பொறுமையாக ஓட்டினார். ஆனால் வழிநெடுக அவர் சொன்னவை பெரும்பாலும் எந்தத் தோட்டத்தின் புட்டி எத்தனை யூரோவுக்கு விற்கிறது என்ற விவரங்களே. இரண்டு நிலவறைகளில் சுவைத்துப் பார்க்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கியவர்கள், க்ளோ த வூஜோவின் வாயிலில் இறக்கிவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பச் சொன்னார்கள். மது அருந்தாத எனக்கும் இன்னொரு பயணிக்கும் நிலவறைகளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பணம் கட்டுவதற்கு முன், எந்த இடத்தில் எத்தனை நிமிடம், மாளிகைக்குள் நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் நானே வூஜோவுக்கு ரயிலில் திரும்பச் சென்றேன். சிறிய நிலையத்தில் இறங்கி, வயல்களின் ஊடே நடந்தால் மதில் வந்துவிடுகிறது. 1098-இல் தொடங்கப்பட்ட சீத்தோ மடத்தின் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டு முதல் இங்கே நிலம் சேர்த்து, கொடி நட்டு, ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்பைக் கல்மதிலால் வளைத்தார்கள். பழம் பிழியும் கூடம் மடத்தின் தாழ்வாரம்போல நாற்புறமும் சூழ்ந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு பிரம்மாண்டமான மரப்பொறியைக் கொண்டிருக்கிறது. முழு மரங்களை உத்திரமாக்கி, திருகுத்தண்டால் அழுத்திப் பழத்தைப் பிழிந்த அந்தப் பொறிகளின் அருகே நிற்கும்போது மனித உழைப்பின் கனம் உறைக்கிறது. தடித்த சுவர்களால் குளிர்ச்சி காக்கும் சேமிப்பறை, வேலை செய்த துறவிகள் படுத்துறங்கிய மாடி ஆகியவற்றையும் விடாதீர்கள். மாளிகை 1551-இல் சேர்க்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது துறவிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம், 1889 வரை ஒரே கையில் இருந்து, பிறகு பிரிந்து பிரிந்து இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்களிடம் உள்ளது. மதில் ஒன்று, வயல் வரிசைகள் பலருடையவை. மாளிகையில் இப்போது மது தயாரிப்பதில்லை என்பதால், எந்தச் சுவைப்பின் அழைப்பும் இடையூறு செய்யாமல் கட்டடத்தை மட்டும் பார்க்க முடிகிறது. எனக்கு அது பெரும் நிறைவு.

அன்று பிற்பகல் போன் நகரில் மிதிவண்டி வாடகைக்கு எடுத்துத் தெற்கே சென்றேன். போமார், வோல்னே, மெர்சோ என ஊர்களைத் தொட்டுச் சாந்த்னே வரை செல்லும் தோட்டப்பாதை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் மெர்சோ வரை மட்டுமே சென்றேன். ஏற்றங்கள் உண்டு என்றாலும் பழக்கமில்லாதவரும் சமாளிக்கலாம். இந்தச் சரிவில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் இருக்கிறது. அப்படிப் பெயரும் எல்லையும் உடைய 1,247 நிலத்துண்டுகளை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வயலைக் கொத்தும்போது கிளம்பிய சுண்ணாம்புக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிச்சுவர்களும், மழைக்கு ஒதுங்கக் கட்டிய கல்குடில்களும் வழியில் தென்படுகின்றன. சீட்டும் கிடையாது, காவலும் கிடையாது. வரிசைகளுக்குள் நுழையாமல் பாதையிலேயே நிற்பது மட்டும் நம் கடமை.

மெர்சோவின் நகரமன்றத்திலும் பளபளக்கும் ஓட்டுக் கூரை உண்டு. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரத்தில், 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட தொழுநோயாளர் இல்லத்தின் பகுதி நிற்கிறது. சுற்றுலா வேன்கள் அதைக் கடந்து போய்விடுகின்றன. நான் இறங்கி நின்று பார்த்தேன்.

செல்வோருக்குச் சில செய்திகள். திஜோன் நகரிலிருந்து போன் நகருக்கு உள்ளூர் ரயிலில் அரைமணிக்கும் குறைவான நேரமே ஆகும். வூஜோ நிலையத்தில் எல்லா ரயில்களும் நிற்பதில்லை. திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொண்டே இறங்குங்கள். ஓத்தெல் தியேவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, காலையில் திறந்தவுடன் செல்லுங்கள். ஏழையர் கூடத்தில் ஆளரவம் குறைந்திருக்கும் அந்த முதல் அரைமணி மிக அருமையானது. ஏலம் நடக்கும் நவம்பர் வார இறுதியில் நகரமே திருவிழாக் கோலம் பூணும். ஏலத்தைப் பார்க்க விரும்புவோர் அறையைப் பல மாதம் முன்பே பதிவு செய்யட்டும். கட்டடத்தைப் பார்க்க விரும்புவோர் அந்த வாரத்தைத் தவிர்க்கட்டும்.