லேமினின் குப்பி: காசு போனாலும் பரவாயில்லை

எலியின் சயாட்டிக் நரம்பிலிருந்து (காலுக்கு ஓடும் பெரிய நரம்பு) ஷ்வான் செல்களை, அதாவது நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் துணைச் செல்களை, பிரித்து வளர்ப்பவர்களுக்கு இந்த லேமினினை, அதாவது செல்கள் பற்றிப் படரத் தட்டில் பூசும் புரதத்தை, தைரியமாகச் சிபாரிசு செய்வேன். பாலி-லைசின் என்ற ஒட்டுப்பூச்சு மட்டும் பூசிய தட்டில் செல்கள் ஒட்டும், ஆனால் சோம்பிக் கிடக்கும். அதன் மேல் லேமினினும் பூசினால் மறுநாளே இரு முனையும் நீண்டு, நூற்புக் கதிர் போல மெலிந்து வரிசைகட்டி நிற்கின்றன. பார்க்கவே அழகு!

விலைதான் கையைக் கடிக்கிறது. 1 மில்லிகிராம் குப்பியைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்தால் கட்டுப்படியாகும். 4 டிகிரியில் மெதுவாக உருக வையுங்கள். அவசரப்பட்டு வெளியே வைத்தால் கூழாகிவிடும். இதைப் போய்ப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்!

நரம்பிலிருந்து கூடவே வந்து பெருகும் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) தொல்லை இதனால் தீராது. அதற்கு, வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லும் மருந்தான சைட்டோசின் அராபினோசைடு, அப்புறம் ஷ்வான் செல்களைப் பெருக்க நியூரெகுலினும் ஃபோர்ஸ்கோலினும் தனியாக வாங்கியே ஆக வேண்டும்.