எந்தச் சுண்டெலி: எல்டிஎல் ஏற்பி இல்லாததா, ஏப்போ-ஈ இல்லாததா?

கும்பகோணத்தில் முதுகலை உயிர்வேதியியல் படிக்கும் அண்ணன் மகள் ஐப்பசி மழைக்கு ஊருக்கு வந்திருந்தபோது கேட்டாள்: "அத்தை, லிப்போபுரத ஏற்பிகளைப் பற்றி செமினார் எடுக்கணும். எந்த நாக் அவுட் எலியை வைத்துப் பேசட்டும்?" லிப்போபுரதம் என்பது ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்; ஏற்பி அதைப் பிடித்துச் செல்லுக்குள் இழுக்கும் புரதம்; நாக் அவுட் எலி என்றால் ஒரு மரபணுவை நீக்கிய எலி. தமனியில் கொழுப்புப் படிவு சீக்கிரம் கட்டுகிறது என்று தோழிகள் ஏப்போ-ஈ இல்லாத எலியைச் சொன்னார்களாம். நான் எல்டிஎல் ஏற்பி இல்லாத எலியைச் சொன்னேன்.

ஏப்போ-ஈ எலி 1992-இல் வந்தது. சாதாரணத் தீனியிலேயே ரத்தக் கொலஸ்ட்ரால் பல மடங்கு ஏறி, படிவும் வந்துவிடும். படிவை ஆராய அருமையான எலி. ஆனால் அதில் எந்த ஏற்பியையும் நீக்கவில்லையே! ஏப்போ-ஈ என்பது கொழுப்புத் துகளின் மேல் இருக்கும் புரதம். எல்டிஎல் ஏற்பி, எல்ஆர்பி1 என்ற இன்னொரு ஏற்பி இரண்டும் அதைப் பிடித்துத் துகளைக் கல்லீரலுக்குள் இழுக்கின்றன. ஏற்பிகளை வடிகாலாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஊரின் எல்லா வடிகாலையும் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் சம்பா வயலில் தண்ணீர் தேங்கத்தான் செய்யும். எந்த வடிகால் எவ்வளவு வடித்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரியாது.

1993-இல் வந்த எல்டிஎல் ஏற்பி எலியில் அடைபட்டது ஒரே வடிகால். சாதாரணத் தீனியில் மொத்தக் கொலஸ்ட்ரால் இரண்டு மடங்குதான் ஏறியது. லிப்போபுரத வகைகளாகப் பிரித்துப் பார்த்தால் ஐடிஎல்லும் எல்டிஎல்லும் 7 முதல் 9 மடங்கு, எச்டிஎல்லில் பெரிய மாற்றமில்லை. அந்த ஏற்பியின் வேலை என்னவென்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. படிவு வர கொழுப்புத் தீனி வேண்டும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது வசதி. எப்போது ஏற்றுவது என்பது நம் கையில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றிச் செய்யும் சோதனைக்கும் இதுவே நல்லது. ஏப்போ-ஈ எலிக்கு சாதாரண மஜ்ஜை வைத்தால், அதிலிருந்து வரும் செல்களே ஏப்போ-ஈ சுரந்து கொலஸ்ட்ராலை இறக்கிவிடும்.

எல்ஆர்பி1 கதை வேறு. அதை உடல் முழுக்க நீக்கினால் கரு வயிற்றிலேயே இறந்துவிடும். அதனால் 1998-இல், ஓர் உறுப்பில் மட்டும் மரபணுவை நீக்கும் கிரி-லாக்ஸ் முறையில் கல்லீரலில் அதை அணைத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் ஏற்பி அளவில் கூடி ஈடுகட்டிவிட்டது. ஒரு வடிகால் அடைபட, பக்கத்து வடிகால் நிறைந்து ஓடிய கதைதான். எல்டிஎல் ஏற்பியும் இல்லாத எலியில் செய்தபோதுதான் உணவுக் கொழுப்புத் துகள்களின் எச்சங்கள் ரத்தத்தில் தேங்கின.

எந்த எலியானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. சாதாரணச் சுண்டெலி கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் எச்டிஎல்லில்தான் சுமக்கிறது. எச்டிஎல்லிலிருந்து கொலஸ்ட்ராலை மற்றத் துகள்களுக்கு மாற்றும், நம்மிடமுள்ள சிஇடிபி புரதம் அதற்கு இல்லை. எலியின் எண்களை அப்படியே மனிதருக்கு எழுதக் கூடாது.

சரி, செமினாருக்கு நான்கு எலிகளைப் பலகையில் வரையச் சொன்னேன்: இரண்டு ஏற்பியும் உள்ளது, எல்டிஎல் ஏற்பி மட்டும் இல்லாதது, கல்லீரலில் எல்ஆர்பி1 மட்டும் இல்லாதது, இரண்டும் இல்லாதது. ஏப்போ-ஈ எலிக்குக் கடைசியில் ஓரமாக ஓர் இடம் போதும்.