தேர்வு தருவதா, நாயகியையே படைப்பதா?

வீடியோ கேம்களில் நாயகிகள் பெருக இரண்டு வழிகள். ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரிடமே விட்டுவிடலாம்; நிறுவனத்துக்குத் துணிச்சல் தேவையில்லை. 2007இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’ அப்படித்தான். அதன் முதன்மைப் பாத்திரமான ஷெப்பர்டின் பெண் வடிவத்துக்கு ஜெனிஃபர் ஹேல் அருமையாகக் குரல் கொடுத்தும் கேம் பெட்டியின் அட்டையில் நின்றவர் ஆண்தான். மூன்றாம் பாகத்தில் (2012) அட்டையைத் திருப்பிப் போட்டால் அவள் தெரிந்தாள். பெரிய மனசு!

இரண்டாவது வழி, நாயகியையே படைத்துவிடுவது. ‘ஹொரைசன் ஸீரோ டான்’ (2017) அந்த ரகம். தாயில்லாதவள் என்று குலம் ஒதுக்கிய நாயகி ஏலாயின் பிறப்பு மர்மம்தான் கதையே. என் ஓட்டு இதற்குத்தான்.

இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கேம் வடிவமைப்பு படிக்கும் அக்கா மகளின் குறிப்பேட்டில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிய மீன்கடைக்காரி தேக்கா சந்தையில் துப்பறிகிறாள். “ஆணாக மாற்றும் வசதியும் வைக்கலாமே” என்றேன். “அப்புறம் கதையை யார் எழுதுவது சித்தி?” என்று முறைத்தாள்.